அறைக்கொரு கணினி

அத்தியாயம் பதினொன்று

கல்முனைக்குடியில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்று சென்ற கிழமை செய்தி வந்ததல்லவா? அந்த நிமிடத்தில் இருந்து பெண்ணின் உம்மா முனவ்வறா உட்காரவில்லை. உட்கார்ந்தாலும் கையில் துணியோடுதான் உட்கார்ந்தாள்.

நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டுவதுதான் கல்யாணத்தின் முதல் வேலை. மாப்பிள்ளை பிறகுதான் வருவார், வந்து அந்த வீட்டில்தான் குடியிருப்பார். சம்மாந்துறையில் வயல் செய்யும் அபுல் ஹஸன் போடியாரும் ஒரே மகள் சிபானாவுக்காகத் தம் வளவுக்குள்ளேயே ஒரு வீட்டைக் கட்டி முடித்திருந்தார். வீடு முடிந்தது, மாப்பிள்ளை அமையவில்லை. பூட்டிக் கிடந்தால் வீடு பழுதாகிவிடும் என்று சொல்லி சிபானா சாவியை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் அதற்குள் ஆறு கணினிகளைக் கொண்டுபோய் வைத்ததில் இருந்துதான் இந்த வீட்டுக்குத் தொல்லை பிடித்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சி நம் எல்லோருடைய சண்டையைப் பற்றியது. மாரி மழைக்குக் கடலோர ஏரியான களப்பு நிரம்பினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். எப்போது வெட்டுவது? வெள்ளனவே வெட்டு என்பார்கள் வயல்காரர்கள். பிந்தி வெட்டு, மீனும் இறாலும் களப்பில் கிடக்கட்டும் என்பார்கள் தோணிக்காரர்கள். ஒவ்வொரு வருடமும் கூட்டம் நடக்கும், கதிரைகள் உடையும்.

சிபானா மழையையும் மணலையும் கடலையும் கணக்காக்கிக் கணினிக்குள் ஓட விட்டாள். இத்தனை மழை பெய்து இந்த நாளில் வெட்டினால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கணினி சொல்லும். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அவள் ஓர் ‘ஓட்டம்’ என்பாள். பல்கலைக்கழகத்துப் பெரிய கிளஸ்டரில் அவளுடைய ஓட்டங்களுக்கு முறை வருவதற்குள் இரண்டு மாரி போய்விடும் போலிருந்தது. அதனால் மூடப்பட்ட ஒரு ரியூசன் வகுப்பின் பழைய கணினிகளை வாங்கி, கம்பியால் இணைத்து, வீட்டுக்குள்ளேயே சொந்தமாக ஒரு கிளஸ்டர் செய்துகொண்டாள். ஆறையும் ஓர் அறையில் வைத்தால் அறை அடுப்பாகிவிடும். ஆகவே விறாந்தை, ஹோல், குசினி, சாமான் அறை, பெரிய அறை, சின்ன அறை என்று இடத்துக்கு ஒன்று.

ஓட்டங்களுக்கும் அவள் இடத்தின் பெயரையே வைத்தாள். அதுதான் பிழை. அது பிழை என்று இந்த வியாழக்கிழமை காலை வரை அவளுக்குத் தெரியாது.

நேற்று முழுக்க அவள் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். இன்று காலை புது வீட்டின் கேற்றைத் திறக்கும்போதே வாப்பா வாசலில் நின்றார். முகத்தில் பெருநாள்.

“மகள், உண்ட மிசின் சொல்லிட்டு.”

“என்ன சொல்லிட்டு வாப்பா?”

“எவ்வளவு மழ பெஞ்சாலும் வெள்ளனவே வெட்டினா வெள்ளாமைக்கு ஒரு சேதமும் இல்ல எண்டு. நான் நம்மட வட்டை வயல்கார ஆக்களுக்கு வொய்ஸ் போட்டுட்டன்.”

அபுல் ஹஸன் போடியார் ஒரு குரல்செய்தி போட்டால் அது சம்மாந்துறையோடு நிற்காது. அவருடைய குரலுக்கு அந்தக் கைபேசியே தேவையில்லை என்று முனவ்வறா சொல்வாள்.

“முடிவு இன்னும் முடியல்லயே வாப்பா. நாளைக்குக் கூட்டத்துக்குத்தானே அனுப்ப வேணும்.”

“முடிஞ்சிட்டு. குசினி முடிஞ்சிட்டு. நான் சுபஹுக்குப் பிறகு பாத்தன்.”

தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பின் அவர் இங்கே வந்து, ஹோல் மேசையில் இருக்கும் திரையைப் பார்ப்பார். ஆறு கட்டங்கள், ஆறு கோடுகள். ‘குசினி’ என்ற கட்டம்தான் அவருக்குப் பிடித்த கட்டம். அடைமழை பெய்து, முகத்துவாரத்தை வெள்ளனவே வெட்டினால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வயல்காரருக்கு வேறு எந்தக் கட்டத்தில் மனம் போகும்?

சிபானா திரையின் முன்னால் உட்கார்ந்தாள். குசினிக் கோடு வாப்பா சொன்னபடிதான் இருந்தது. தண்ணீர் கொஞ்சம் ஏறி, சமர்த்தாக இறங்கி, வயல்களை விட்டுப் போயிருந்தது. சமர்த்துத்தான் அவளுக்குச் சந்தேகம் தந்தது. அடைமழைக்கு இவ்வளவு தண்ணீர் காணாது. இது வழமையான மழை.

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். கணினி அங்கே இருந்தது. ஆனால் அதன் நெற்றியில் இடத்தின் பெயரை எழுதி அவள் ஒட்டியிருந்த கடதாசியைக் காணவில்லை. விறாந்தைக் கணினியிலும் இல்லை. எல்லாம் இப்போதுதான் கடையில் இருந்து வந்தவை போலப் பளபளத்தன.

“உம்மா.”

முனவ்வறா பெரிய அறையில் இருந்து வந்தாள். கையில் துணி இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

“கடதாசியெல்லாம் எங்க உம்மா?”

“சவுக்காரம் போட்டுத் துடைச்ச. அசிங்கமா இருந்திச்சி. வாற ஆக்கள் பாத்தா என்ன நினைப்பாங்க?”

“எடம் மாத்தினீங்களா?”

“பழுதில்லாத ரெண்டையும் முன்னுக்கு வெச்ச. கீறல் விழுந்ததெல்லாம் உள்ளுக்கு. வீடெண்டா முன்பக்கம் வடிவா இருக்க வேணாமா?”

சிபானா சுவரோடு சாய்ந்து நின்றாள். பெயர் கணினியில் இருந்திருந்தால் பாதகமில்லை. பெயர் சுவரில் இருந்து வரும் கம்பியில் இருந்தது. குசினிக் கம்பியில் எது வந்தாலும் திரை அதைக் குசினி என்றே எழுதிக்கொள்ளும். சாமான் அறையில் ஓடிய கணினியைக் குசினியில் கொண்டுவந்து செருகினால், சாமான் அறையின் விடை குசினியின் பெயரில் வரும். எந்தக் கணினிக்கு எந்தக் கேள்வியைக் கொடுத்தாள் என்பதை அந்தக் கணினியிடமே எழுதி வைக்க அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. தினமும் அறை அறையாக நடந்து பார்க்கிறவளுக்கு அறையே ஞாபகமாக இருந்தது. வீட்டைத் துப்புரவாக்குவார்கள் என்று எந்த ஆராய்ச்சிப் புத்தகமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. ஓடுகிற கணினியைச் சும்மா பிடுங்கினால் ஓட்டம் செத்துப்போகும். இவை முறையாக நிறுத்தப்பட்டு, முறையாகத் தொடங்கப்பட்டிருந்தன.

“நீங்க எப்பிடி உம்மா இத நிப்பாட்டிப் பூட்டினீங்க?”

“ஏன், எனக்கு ஏலாதா?” என்றாள் முனவ்வறா, மிகுந்த கௌரவத்தோடு. சொல்லிவிட்டுக் கதிரையின் காலைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த கால்தான்.

அதைத் தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. சிபானா கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பெயர் பொய் சொன்னாலும் தண்ணீர் பொய் சொல்லாது. தண்ணீர் எந்த நாளில் சடாரென்று இறங்குகிறதோ அந்த நாளில்தான் மணலை வெட்டியிருக்கிறது. எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதில் மழை தெரியும். வழமையான மழையில் வெள்ளனவே வெட்டியது, இடையில் வெட்டியது, பிந்தி வெட்டியது, அடைமழையில் இடையில் வெட்டியது. நான்கையும் பிடித்துவிட்டாள். வாப்பா ஊருக்குச் சொன்ன குசினி, வழமையான மழையின் விடை. அடைமழையின் விடை இல்லை.

அடைமழையில் வெள்ளனவே வெட்டியதும், பிந்தி வெட்டியதும் எங்கே? ஊர் அடித்துக்கொள்வதே அந்த இரண்டுக்காகத்தான்.

பெரிய அறைக் கதவைத் திறந்தாள். மாப்பிள்ளைக்கென்று வாங்கிய பூப்போட்ட பெட்சீட் ஒன்று, மூலையில் இருந்த கணினியைத் தலை முதல் கால் வரை மூடியிருந்தது. சின்ன அறையிலும் அப்படியே. துணியைத் தூக்கியதும் சூடு முகத்தில் அடித்தது. இரண்டும் வெந்து, அணைந்து, எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் கெடுத்துவிட்டிருந்தன.

“படுக்குற அறையில இது தெரிய வேணாமெண்டுதான் மகள்,” என்றாள் முனவ்வறா மெதுவாக. இந்த முறை கௌரவம் இல்லை.

சிபானாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டது. “வடிவான பெட்சீட் உம்மா. மாப்பிள்ளைக்கு முதல் மிசின் படுத்திட்டு.”

பிறகு அவள் முகம் மாறியது. நாளைக் காலைக் கூட்டத்தில் வாப்பா சொன்னது அவள் பெயரில் போகும். போடியாரின் மகள் தகப்பனுக்கு வசதியாக விடை செய்தாள் என்று தோணிக்காரர்கள் சொல்வார்கள். அதன் பிறகு அவளுடைய எந்தக் கோட்டையும் எவரும் நம்பப் போவதில்லை. இதெல்லாம் கல்முனைக்குடித் தோணி முதலாளியின் வீட்டில் இருந்து சம்பந்தம் வரும் நாளில் நடக்கிறது. இந்த வீட்டில் இனி அவள் வேலை இருக்குமா, அல்லது கட்டிலும் அலுமாரியும் மட்டும்தானா என்பது இன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

“ரெண்டையும் திருப்பி ஓட்டப்போறன்,” என்றாள். “ஆறு மிசினும் வேணும். ஓட்டத்துக்கு மூண்டு. அப்பத்தான் பின்னேரம் அஸருக்கு முடியும்.”

“அவங்க பகல் லுஹருக்குப் பிறகு வருவாங்களே மகள்.”

“வரட்டும்.”

“எல்லாத்தயும் எங்கட பழைய வீட்டுக்குத் தூக்குவம்.”

“தூக்கினா இன்டைக்கு முடியா உம்மா. பெட்சீட்டும் போடேலா. ஜன்னல் கதவெல்லாம் திறந்து கிடக்க வேணும்.”

முனவ்வறா வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். இரண்டு நாள் வேலை. பெருமூச்சு விட்டாள். பிறகு தானே போய் ஜன்னல்களைத் திறந்தாள். சண்டை பிடித்தாலும் உதவிக்கு முதலில் வருகிற உம்மாக்களில் ஒருத்தி அவள்.

தொடங்குவதற்கு முன் சிபானா ஒரு வேலை செய்தாள். இனி எந்த ஓட்டமும் நான்கு பதில் இல்லாமல் தொடங்காது என்று திரைக்குக் கட்டளை போட்டாள். கேட்பவர் யார்? எந்த மழை? எந்த நாளில் வெட்டு? ஏன் கேட்கிறீர்கள்? அந்தப் பதில்கள் ஓட்டத்தின் கழுத்திலேயே தொங்கும். அது குசினிக்குப் போனாலும் கூரைக்குப் போனாலும் கூடவே போகும்.

முதல் ஓட்டத்துக்கு, ஏன் என்ற இடத்தில் அவள் எழுதியது: வாப்பா ஊருக்குச் சொல்லிவிட்டார். இரண்டாவதற்கு: தோணிக்கார மாமா வந்து கேட்பார்.

அபுல் ஹஸனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் தடவினார், திரும்பப் போட்டார்.

“அப்ப நான் சொன்னது பிழையா?”

“பிழையெண்டும் சொல்லேலா வாப்பா. சரியெண்டும் சொல்லேலா. அஸருக்குத் தெரியும்.”

“சரியாத்தான் வரும்,” என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் திரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் கண் படும் என்பது போல ஹோலைச் சுற்றி விறாந்தை வழியாகவே நடந்தார்.

மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் ஸமட் முதலாளி லுஹருக்குப் பிறகு மனைவியோடு வந்து இறங்கினார். கடற்காற்றில் பேசிப் பழகிய குரல். போடியாரின் குரலும் அதுவும் ஒரே விறாந்தையில் சலாம் சொல்லிக்கொண்டபோது பக்கத்து வளவு ஆடு எழுந்து நின்றது.

மாப்பிள்ளை றிப்தி வரவில்லை. வரும் வழக்கமுமில்லை. அவன் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறான். இதுவரை சிபானாவோடு இரண்டே தடவை தொலைபேசியில் கதைத்திருக்கிறான். இரண்டு தடவையும் முனவ்வறா பக்கத்தில் இருந்ததால், மழை பெய்கிறதா என்பதற்கு மேல் கதை போகவில்லை.

றிப்தியின் உம்மா வீடு பார்க்கிற விதமே தனி. எதையும் புகழவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார். அலுமாரிக் கதவின் கீலைத் தட்டிப் பார்த்தார். விறாந்தையில் ஒரு கணினியைக் கண்டார், பேசாமல் கடந்தார். ஹோலில் ஒன்று. சாமான் அறையில் ஒன்று. குசினியில் ஒன்றைக் கண்டதும் நின்று, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“சுடுது. காய்ச்சலா மகள்?”

“வேல செய்யிது மாமி. அஸருக்குக் குறையும்.”

“ம்.”

பெரிய அறையிலும் சின்ன அறையிலும் ஒவ்வொன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, முனவ்வறாவின் பக்கம் திரும்பினார். “ரெண்டு படுக்குற அறையிலயும் ஆள் இரிக்கி. அப்ப எண்ட மகன எங்க படுக்க வைக்கிற?”

முனவ்வறா குசினிப் பக்கம் கையைக் காட்டினாள். “முதல்ல சாப்பிடுவமே ராத்தா,” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் ஹோலில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. திரையில் இருந்த களப்புப் படத்தில் அப்துல் ஸமட் தம் தோணிகள் கட்டும் துறையைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இஞ்ச பாருங்க, இது எண்ட துறை. போடியார், உங்கட வொய்ஸ் எனக்கும் வந்திச்சி.”

அபுல் ஹஸனின் கை தொப்பிக்குப் போனது. “அது நம்மட வட்டை ஆக்களுக்குப் போட்டது முதலாளி.”

“வட்டையில மூண்டு பேர் எனக்கிட்ட மீன் எடுக்கிற ஆக்கள். அவங்கதான் அனுப்பின. வெள்ளனவே வெட்டினா ஒரு சேதமுமில்லயாமே? எங்கட இறாலுக்கும் சேதமில்லயா?”

“இறால் கடலுக்குப் போனா கடல்ல புடிங்க.”

“வெள்ளம் வந்தா நீங்க வரம்புல நிண்டு புடிங்க.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஆளுக்கொரு பக்கமாகச் சிரித்தார்கள். குசினி வாசலில் நின்ற சிபானாவுக்கு அது கேட்டது. முனவ்வறா அவளை இழுத்துக் காதோடு சொன்னாள்:

“மகள், இன்டைக்கு மட்டும் பொய்யும் சொல்லாம உண்மையும் சொல்லாம இரி. இன்னும் முடியல்ல எண்டு சொல்லு. அவங்க போன பிறகு முடியட்டும்.”

அது நல்ல யோசனை என்பதுதான் சிபானாவைப் பயப்படுத்தியது. திரையை அணைத்துவிட்டால் போதும். யாருக்கும் கோபம் வராது, கல்யாணம் நடக்கும். ஆனால் காலையில் கூட்டத்தில் வாப்பாவின் குரல்செய்தி அவளுடைய விடையாக எழுந்து நிற்கும். பிறகு அறைக்கொரு கணினி இருந்தென்ன, இல்லாமல் போயென்ன.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆண்கள் இருவரும் ஒரே சகனில், சோறு பரப்பிய ஒரே பெரிய தட்டில், சேர்ந்து சாப்பிட்டார்கள். முனவ்வறா நடுவில் வைத்த கோழிப் பொரியலை இருவரும் மற்றவர் பக்கம் தள்ளித் தள்ளி, கடைசியில் அது சகனின் நடுவிலேயே கிடந்தது. இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தபோது எவரும் எதையும் தள்ளவில்லை.

அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் பள்ளியில் இருந்து திரும்பும்போது திரையில் இரண்டு கோடுகளும் முடிந்திருந்தன. சிபானா அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு தடவை சரிபார்த்தாள். கழுத்தில் தொங்கும் பெயரையும் பார்த்தாள். இந்த முறை எது எதுவென்று சந்தேகமே இல்லை.

“என்ன சொல்லுது மகள்?” அப்துல் ஸமட் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அபுல் ஹஸன் உட்காரவில்லை. முனவ்வறா பிளேன்டித் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று, மகளுக்குக் கண்ணால் சாடை காட்டினாள். இன்னும் முடியல்ல எண்டு சொல்லு.

“முடிஞ்சிட்டு மாமா,” என்றாள் சிபானா.

முனவ்வறா கண்ணை மூடிக்கொண்டாள்.

“முதல் வாப்பாட கேள்வி. அடைமழைக்கு வெள்ளனவே வெட்டினா.” சிபானா விரலைக் கோட்டின் மேல் வைத்தாள். “மழைக்காத்து அடிக்கிற நேரம் கடலும் பொங்கித்தான் இரிக்கி. வெட்டின வாயால களப்புத் தண்ணி வெளிய போகாம கடல் உள்ளுக்கு வருது. பள்ளத்து வட்டைக்கெல்லாம் உப்புத் தண்ணி ஏறுது.”

“பள்ளத்து வட்டையா?” என்றார் அபுல் ஹஸன். அவருடைய வயல் அங்கேதான் இருக்கிறது. இந்த வீட்டைக் கட்டியதும் அந்த வயலின் நெல்தான்.

“ஓம் வாப்பா. உப்பு ஏறினா அடுத்த போகமும் சரிவராது. காலையில நீங்க பாத்தது சாதாரண மழைக்குரிய விடை. பேர் மாறிட்டு. பேர் மாறினது எண்ட பிழை.”

அப்துல் ஸமட் கதிரையில் வசதியாகச் சாய்ந்தார். மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வரத் தொடங்கியது. “நான் சொன்னன்தானே போடியார். பிந்தித்தான் வெட்ட வேணும்.”

“அது ரெண்டாவது மாமா,” என்றாள் சிபானா. “பிந்தி வெட்டினா களப்பு கழுத்து வரைக்கும் நிரம்புது. வெட்டின உடன எல்லாம் ஒரே பாய்ச்சலாப் பாயுது. மேட்டு வட்டையும் ஏற்கெனவே தண்ணியில நிண்டு அழுகிட்டு. அதோட இறாலும் மீனும் மிச்சமில்லாம கடலுக்குப் போயிடும். உங்கட துறையில கட்டின தோணியும் நிக்கா.”

வந்த சிரிப்பு மீசைக்குக் கீழேயே தங்கிவிட்டது.

வெளியே நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று வீதியை உலுக்கிக்கொண்டு போனது.

“அப்ப போடியாருக்கும் நட்டம்,” என்றார் அப்துல் ஸமட் கடைசியில்.

“ஓம்.”

“எனக்கும் நட்டம்.”

“ஓம் மாமா.”

“தகப்பனுக்குப் பக்கம் பேசும் எண்டுதான் நான் நினைச்சி வந்தன்.” அவர் அபுல் ஹஸனைப் பார்த்தார். “போடியார், இது ஞாயமான மிசின். ரெண்டு பேரயும் விழுத்தாட்டிட்டு.”

முதலில் சிரித்தது அபுல் ஹஸன்தான். வயிறு குலுங்கச் சிரித்தார். அழ வேண்டிய விஷயத்துக்கு அப்படிச் சிரிக்கிற மனிதரை அவருடைய மகள் அந்த நிமிடத்தில் மிகவும் நேசித்தாள். சிரித்து முடித்ததும் கைபேசியை எடுத்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும். அபுல் ஹஸன் கதைக்கிறன். காலையில நான் போட்டது பிழை. புள்ள சொல்ல முதல் நான் சொல்லிட்டன். நாளைக்குக் கூட்டத்துல எல்லாரும் வாய மூடிட்டு, புள்ள சொல்லுறதக் கேளுங்க. நானும் மூடிட்டுத்தான் இருப்பன்.”

கடைசி வசனத்தை முனவ்வறா நம்பவில்லை. ஆனாலும் பிளேன்டித் தட்டை அவருக்கே முதலில் நீட்டினாள்.

கிளம்பும்போது றிப்தியின் உம்மா கேற்றடியில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

“குசினியில இரிக்கிறத எடுங்க,” என்றார். “குசினி எனக்குக் குசினியா இருக்க வேணும். பெரிய அறையில உள்ளதயும் எடுங்க. மத்தது நாலும் இரிக்கட்டும்.”

“இரிக்கட்டுமா ராத்தா?”

“வேல செய்யிற சாமான். வெளிய போட்டா மழயில நனையும்தானே.” வாகனத்தில் ஏறிய பிறகுதான், கணவரைக் கண்ணால் காட்டி, சிபானாவின் கன்னத்தைத் தொட்டார். “மகள், எண்ட ஆளுக்கு முகத்துக்கு நேர கதைக்கிற ஒரு ஆள் அந்த வீட்டுல நான் மட்டும்தான். இனி நான் கொஞ்சம் இருந்து ஆறலாம்.”

வாகனம் வளைவில் மறையும் வரை சிபானா அங்கேயே நின்றாள். நாலு. நாலும் இருக்கலாம். ஓடிப்போய் உம்மாவைக் கட்டிக்கொண்டாள். “விடு புள்ள, சீலை கசங்குது,” என்ற முனவ்வறாவும் விடவில்லை.

நாளைக் கூட்டத்துக்கு விடைகளை அனுப்ப வேண்டும். சிபானா ஹோலுக்கு வந்து திரையின் முன் உட்கார்ந்தாள். வெள்ளனவே வெட்டினால் உப்பு, பிந்தி வெட்டினால் வெள்ளம். உண்மைதான். ஆனால் என்னதான் செய்வது என்று கேட்டால் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. இடையில் வெட்டினாலும் பாதி உப்பு, பாதி வெள்ளம். அதுவரை இருந்த சந்தோஷத்தில் ஒரு சிறு முள் தைத்தது.

அப்போதுதான் கவனித்தாள். எல்லா ஓட்டங்களும் முடிந்திருக்க வேண்டிய நேரத்தில், குசினிக் கணினியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

திரையில் ஏழாவதாக ஓர் ஓட்டம் இருந்தது. அவள் போட்டதல்ல. நான்கு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதியிருந்தது.

கேட்பவர்: றிப்தி.

மழை: அடைமழை.

வெட்டும் நாள்: இரண்டு தரம். முதலில் வெள்ளனவே சின்னதாக ஒரு வாய். காத்து அடங்கிய பிறகு பெரிதாக.

இரண்டு தரம் வெட்டுவதா? இத்தனை மாதத்தில் அவளுக்கு இது தோன்றவில்லை. ஊரில் எவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் எந்த நாள் என்றுதான் சண்டை பிடித்தார்கள்.

கொழும்பில் இருப்பவன் இதற்குள் எப்படி வந்தான்? கணினிகள் நேற்று எப்படி முறையாக நின்றன, முறையாகத் தொடங்கின என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. கடவுச்சொல் ஹோல் சுவரில் சின்னக் கடதாசியில் ஒட்டியிருந்தது. வீட்டில் துடைக்கப்படாமல் மிஞ்சிய ஒரே கடதாசி அதுதான்.

“உம்மா, நேத்து நீங்க ஆருக்குக் கோல் எடுத்த?”

பழைய வீட்டுக் குசினியில் தண்ணீர்க் குழாய் சட்டென்று திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரங்கள் பலமாகக் கழுவப்பட்டன.

சிபானா நான்காவது பதிலுக்கு வந்தாள்.

ஏன்: இரண்டு வாப்பாமாரும் ஒரே சகனில் சாப்பிட வேண்டும்.

அவள் அதைத் திரும்பவும் படித்தாள். பிறகு ஓட்டத்தை நிறுத்தினாள். அவன் மணல்மேட்டின் உயரத்தைப் போன வருடத்துக் கணக்கில் போட்டிருந்தான். இந்த வருடத்து உயரத்தை எழுதி, கேட்பவர் என்ற இடத்தில் றிப்திக்குப் பக்கத்தில் தன் பெயரையும் சேர்த்து, மறுபடி ஓட விட்டாள். உம்மா பக்கத்தில் இல்லாமல் அவர்கள் இருவரும் கதைத்த முதல் கதை அதுதான்.

ஆறு கணினிகளும் ஒன்றாக உறுமத் தொடங்கின. எத்தனை நாள் இடைவெளி, எவ்வளவு அகல வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்ததால், விடை வர ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்றது திரை.

கூட்டம் நாளைக் காலை.